சென்னைப் பெருநகரை யார் ஆள்வது? ஆராயப் புறப்படுபவர்கள் கேட்கும் கேள்விகள்

நகரமைப்பு படிக்கும் மாணவர்கள், குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், எப்போதாவது ஒரு கவுன்சிலர். இவர்கள் என்னிடம் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: இவ்வளவு பெரிய ஊரை எப்படி ஆள்வது என்று ஆராய்வதானால் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போனதால் கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன். பதில்களில் என் சாய்வும் இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

சென்னைப் பெருநகரமும் சென்னை மாநகராட்சியும் ஒன்றுதானே?

இல்லை. மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 2011 வரை அதுவும் 174தான். அந்த ஆண்டு 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 200 வார்டுகளாக்கினார்கள். பெருநகரப் பகுதி என்பது வேறு கணக்கு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) பல ஆண்டுகளாக வைத்திருந்த எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். 2018-ல் அதை 8,878 ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். கடைசியில் 2022 அக்டோபரில் 5,904 என்று முடிவானது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகியவற்றோடு ராணிப்பேட்டை மாவட்டத்திலும் ஒரு துண்டு அதற்குள் வருகிறது. உள்ளே ஆவடி (2019), தாம்பரம் (2021) என்று தனி மாநகராட்சிகள் வேறு.

தொலைபேசித் துறைக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் எப்போதோ 044-க்குள் வந்துவிட்டன.

இத்தனை எல்லைகள் இருந்தால் என்ன? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்குமே?

காரணம் இருக்கும். ஆனால் ஒன்றுக்காவது இன்னொன்றோடு பொருத்தம் உண்டா என்று பாருங்கள். பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்வோம். 2011-ல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வருவாய் மாவட்டம் சென்னையாக மாறியது 2018-ல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அந்த ஊர்க்காரருக்கு மாநகராட்சி ரிப்பன் மாளிகையில், கலெக்டர் காஞ்சிபுரத்தில். சரி, இப்போதாவது எல்லாம் நேராகிவிட்டதா என்றால், 2022-ல் காவல் ஆணையரகத்தைச் சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்றாகப் பிரித்தபோது பள்ளிக்கரணை தாம்பரத்துக்குப் போய்விட்டது. குப்பைக்கு ஒரு மாநகரம், திருட்டுப் புகாருக்கு இன்னொரு மாநகரம்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. எல்லை மாறும் ஒவ்வொரு முறையும் கோப்புகள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போகின்றன. சில கோப்புகள் வழியிலேயே தங்கிவிடுகின்றன. உங்கள் ஆய்வில் ஒரு பழைய ஆவணம் கிடைக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் ஆய்வை எங்கே தொடங்குவது? சட்டத்திலிருந்தா?

சட்டத்திலிருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் சட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நான் சொல்லும் வழி வேறு. மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடங்கள். தண்ணீர், பேருந்து, குப்பை, எதுவானாலும் சரி. வழியில் நிற்கும் ஒவ்வொரு அலுவலகத்திடமும் மூன்று விஷயம் கேளுங்கள்: முடிவெடுப்பது யார், பணம் யாருடையது, தவறினால் மக்கள் யாரைப் பதவியிலிருந்து இறக்க முடியும்?

எனக்குப் பிடித்த பாதை தென்சென்னை மழைநீருடையது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் கடலைச் சேர வேண்டும். தண்ணீருக்கு இது ஒரே பாதை. ஆனால் கரையில் நடந்து பாருங்கள். கீழ்க்கட்டளை தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. சற்றுத் தள்ளிக் கோவிலம்பாக்கம் ஓர் ஊராட்சி. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி. ஏரிகளும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் கையில். இடையில் குறுக்கே ஓடும் பல்லாவரம் துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. சதுப்பு நிலம் வனத்துறையிடம். 2022-ல் ஈரநிலங்களுக்கான உலகளாவிய ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. அதை ஒட்டியே பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, அது மாநகராட்சியுடையது. பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ நிறுவனத்தின் தூண்கள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எங்கே எத்தனை மாடி எழுப்பலாம் என்ற விதி சிஎம்டிஏவுடையது.

இவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாநகராட்சி தன் தெருவில் ஆழமான வடிகால் கட்டுகிறது. அது போய்ச் சேரும் வாய்க்கால் அடுத்த உள்ளாட்சியில் குறுகியிருக்கிறது. அகலப்படுத்த வேண்டுமானால் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லித் தாசில்தாருக்கு எழுத வேண்டும். சாலைக்கு அடியிலுள்ள சிறுபாலத்தை அகலப்படுத்த நெடுஞ்சாலைத் துறை மதிப்பீடு போட வேண்டும். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவரின் நிதியாண்டு முடிந்துவிடும். யாருமே தவறு செய்யாமல் வெள்ளம் வீட்டுக்குள் வருவது எப்படி என்பதை ஓர் ஆய்வாளர் இங்கே கண்ணால் பார்க்கலாம்.

எனக்கே நேர்ந்ததையும் சொல்கிறேன். இரண்டு உள்ளாட்சிகளின் எல்லையில் உள்ள ஒரு தெருவில் சில காலம் குடியிருந்தேன். ஒரு மழை நாளில் வடிகால் அடைத்துக்கொண்டு வாசற்படிவரை தண்ணீர். ஓர் அலுவலகத்தில் சொன்னேன். வந்து பார்த்த பணியாளர், "சார், உங்க வீட்டுப் பக்கம் எங்களோடது. அடைப்பு எதிர்ப்பக்கம் இருக்கு. அது அவங்களோடது" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. தெருவின் நடுவில் கோடு போகிறது. தண்ணீருக்குத்தான் அது தெரியவில்லை. கடைசியில் எதிர்வீட்டுப் பையன் ஒரு மூங்கில் கழியை விட்டுக் குடைந்ததில் அடைப்பு விட்டது.

பேராசிரியர் அமைப்பு வரைபடம் கேட்கிறாரே?

கடைசியில் வரைந்து கொடுங்கள். முதலிலேயே வரைந்தால், பெட்டியிலிருந்து பெட்டிக்குப் போகும் அம்புக்குறிகள் எல்லாம் வேலை செய்வதாக நீங்களே நம்பிவிடுவீர்கள்.

அரசியலமைப்புச் சட்டம் இதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையா?

தெளிவாகவே சொல்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம், பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட, ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் அடங்கிய பகுதியைப் பெருநகரப் பகுதி என்கிறது. அங்கே பெருநகரத் திட்டக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 243ZE (இந்த இரண்டு எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் விட்டால்தான் சட்டப் புத்தகத்தில் தேட முடியும் என்பார்கள், தமிழில் 243 இசட்இ என்று படித்துக்கொள்ளுங்கள்). குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள், அப்பகுதி நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். தண்ணீரைப் பகிர்வது, நில அமைப்புத் திட்டம், உள்கட்டமைப்பை ஒருங்கிணைப்பது, சுற்றுச்சூழல் ஆகியவற்றையெல்லாம் பார்த்து வரைவுத் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை.

நான் மேலே சொன்ன கீழ்க்கட்டளைத் தண்ணீர் விவகாரத்தைப் பேச வேண்டிய மேசை அதுதான். கொல்கத்தாவில் 2001-ல் அப்படியொரு குழுவை அமைத்தார்கள், முதலமைச்சர் தலைவர். சென்னையில் அந்த மேசை இன்னும் போடப்படவில்லை. பெருந்திட்டம் தயாரிக்கும் வேலையைச் சிஎம்டிஏ பார்க்கிறது.

சிஎம்டிஏ இருக்கும்போது இன்னொரு குழு எதற்கு?

நல்ல கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது. 1973 டிசம்பரில் சென்னை மாமன்றம், அதாவது மாநகராட்சியின் கவுன்சிலர்கள் மன்றம், கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல். இடையில் 23 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்த இடைவெளியில்தான் 1974-ல் சிஎம்டிஏ சட்டப்பூர்வ அமைப்பாயிற்று. 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து எடுக்கப்பட்டு வாரியமாயிற்று. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பாகப்பிரிவினை நடந்ததுபோல. மாமன்றம் 1996-ல் திரும்பி வந்தபோது அதன் கையில் எஞ்சியிருந்தவை தெரு, விளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், சுகாதாரம், பள்ளிகள். பிறகு 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம்வரை மறுபடியும் மாமன்றம் இல்லை. 1973-லிருந்து 2022 வரை எண்ணினால் சுமார் 28 ஆண்டுகள் இந்த நகரத்துக்கு மாமன்றமே கிடையாது.

சிஎம்டிஏவில் திறமையான திட்டமிடுநர்கள் இருக்கிறார்கள். 2008-ல் வந்த இரண்டாம் பெருந்திட்டம் படிக்க வேண்டிய ஆவணம். ஆனால் அதன் தலைவர் ஓர் அமைச்சர். அது மாநில அரசுக்குப் பதில் சொல்லும். மடிப்பாக்கத்து வாக்காளருக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

மேயருக்கு அதிகாரம் இல்லை என்கிறீர்களா?

மரியாதை நிறைய உண்டு. அங்கி, செங்கோல், 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கிய பாரம்பரியம், எல்லாம் உண்டு. நிர்வாகம் ஆணையரிடம். ஆணையரை நியமிப்பது மாநில அரசு. மேயரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே நாம் ஒரு முடிவுக்கு வரவில்லை: 1996, 2001, 2011-ல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள், 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்ட விதி மாறினால் எந்த வீரர் பயிற்சி எடுப்பார்?

இதற்குப் பின்னால் ஓர் அரசியல் கணக்கு இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு கோடிப் பேர் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகரத் தலைவர் எந்த முதலமைச்சருக்கும் நாளைய போட்டியாளர். 1996-ல் சென்னையில் நேரடியாக மேயரானவர் 2021-ல் முதலமைச்சரானார். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஆகவே கட்சிச் சண்டையாக இதை எழுதாதீர்கள்; ஆய்வு கெட்டுவிடும்.

போக்குவரத்துக்குத்தான் கும்டா வந்துவிட்டதே?

வந்தது. எப்படி வந்தது என்பதுதான் பாடம். கும்டாவை, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை, அமைக்கும் சட்டம் 2010-ல் நிறைவேறியது. முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள். முதலமைச்சர் தலைமையேற்ற பிறகுதான் நகர்ந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, ரயில்வே, நெடுஞ்சாலை எல்லாம் ஒரே மேசைக்கு வருவது நல்லதுதான். 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலியில் ஒரே இடத்தில் பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் சீட்டு எடுக்க முடிகிறது. பயணிக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் கிளாம்பாக்கத்தை மறக்க வேண்டாம். பேருந்து முனையத்தைக் கட்டியது சிஎம்டிஏ. 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் மட்டும் எதிரே ஓடிக்கொண்டிருந்தது. நிலையம் கட்ட வேண்டியது தெற்கு ரயில்வே. மெட்ரோவை விமான நிலையத்திலிருந்து நீட்டிக்க வேண்டியது மெட்ரோ நிறுவனம். நடுவிலுள்ள ஜிஎஸ்டி சாலை தேசிய நெடுஞ்சாலை. விடிகாலை மூன்று மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து இரண்டு பையும் ஒரு தூங்கும் குழந்தையுமாக வந்திறங்கும் குடும்பம் திருவொற்றியூருக்கு எப்படிப் போகும் என்ற கேள்வி இந்த நால்வரில் யாருடைய கோப்பிலும் தனித் தலைப்பாக இல்லை. உங்கள் ஆய்வேட்டில் அதைத் தலைப்பாக்குங்கள் என்று ஒரு மாணவியிடம் சொன்னேன். நன்றாகவே எழுதினாள்.

பேசாமல் எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக்கிவிட்டால்?

அடிக்கடி கேட்கப்படுவது இதுதான். கேட்பதற்கு நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் 2011-ல் சேர்ந்த பகுதிகளில் போய்க் கேளுங்கள். பேரூராட்சியாக இருந்தபோது தலைவர் டீக்கடையில் கிடைப்பார். இப்போது ஒரு வார்டுக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல். சில வார்டுகளில் அதைவிட மிக அதிகம். பெரிய அமைப்பால் பெரிய வடிகால் கட்ட முடிகிறது, ஒப்புக்கொள்கிறேன். எங்கே கட்டக் கூடாது என்பது அதற்குத் தெரிவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணற்பாங்கான தெருக்களில் வடிகால் போட வந்தபோது, இங்கே மழைநீரை மணலே குடித்துவிடுகிறது, கான்கிரீட் வேண்டாம் என்று குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள்.

சிறியது என்றால் திறமைக் குறைவு என்பதும் நிரூபிக்கப்பட்ட உண்மையல்ல. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், 1970-களில் அமெரிக்க நகரங்களின் காவல் துறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ரோந்து போன்ற அன்றாட வேலையில் சிறிய துறைகள் பெரியவற்றுக்குச் சளைக்கவில்லை. தடயவியல் ஆய்வகம் போன்றவற்றுக்குத்தான் பெரிய அமைப்பு தேவைப்பட்டது. எந்த வேலைக்கு எந்த அளவு என்று பிரித்துக் கேட்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்.

அப்படியானால் பெங்களூரு மாதிரி பிரிக்கலாமா?

பெங்களூருவில் முன்னாள் தலைமைச் செயலாளர் பி.எஸ். பாட்டீல் தலைமையிலான குழு முன்பே ஆராய்ந்து, மேலே ஒரு பெருநகர அமைப்பு, நடுவில் பல மாநகராட்சிகள், கீழே வார்டுக் குழுக்கள் என்று மூன்றடுக்கைச் சொன்னது. இழுபறிக்குப் பிறகு கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. செப்டம்பரில் ஒன்றாக இருந்த மாநகராட்சி ஐந்தானது. மேலே உள்ள ஆணையத்துக்குத் தலைவர் முதலமைச்சர். அமைப்பு புதியது, மேலடுக்கில் உட்கார்ந்திருப்பவர் பழையவர் என்பதுதான் எனக்குள்ள நெருடல். முடிவு சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. ஒப்பாய்வு செய்பவர்களுக்கு இது பொன்னான நேரம்; கூடு கட்டும்போதே பார்க்கலாம்.

டெல்லியையும் சேர்த்துப் படியுங்கள். 2012-ல் மாநகராட்சியை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாக்கினார்கள். தெற்கில் வரி வருமானம் கொழித்தது. கிழக்கிலும் வடக்கிலும் துப்புரவுப் பணியாளர்கள் சம்பளத்துக்காகத் தெருவில் குப்பையைக் கொட்டிப் போராடும் நிலை. 2022-ல் திரும்ப ஒன்றாக்கிவிட்டார்கள். எல்லைக் கோடு கிழிப்பதற்கு முன் வரி எங்கே விளைகிறது என்று பார்க்காததன் விலை அது.

லண்டன் அனுபவம் நமக்கு உதவுமா?

ஓரளவு. 1957-ல் அமைந்த ஹெர்பர்ட் ஆணையம் மூன்று ஆண்டுகள் ஆராய்ந்தது. அதன் விளைவாக 1965-ல் நகரம் முழுமைக்கும் ஒரு மன்றமும் கீழே பரோ எனப்படும் 32 உள்ளாட்சிகளும் வந்தன. மேல்மன்றம் தாட்சர் அரசோடு மோதியது; 1986-ல் ஒழிக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் லண்டனுக்கு ஒட்டுமொத்தக் குரல் இல்லை. 2000-ல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரோடு மெலிந்த ஓர் அமைப்பு திரும்பி வந்தது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கும் அதற்குக் கிடையாது. போக்குவரத்து, நிலத் திட்டம் போன்ற சிலதான். ஆனால் அந்தச் சிலவற்றில் கணிசமான அதிகாரம். 2003-ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது அந்த மேயர்தான். நம் ஊரில் அப்படியொரு முடிவை எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள், அதுவே ஓர் அத்தியாயம்.

பணம்?

இதைத்தான் எல்லோரும் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். சொத்து வரி, தொழில் வரி, பத்திரப்பதிவின் முத்திரைத்தீர்வை மேல்வரியில் பங்கு, மாநில நிதி ஆணையம் பரிந்துரைக்கும் மானியம். உள்ளாட்சியின் வருமானம் பெரும்பாலும் இவ்வளவுதான். இன்னொரு பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள்: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். நகரத்தின் சாலைகளையும் குடியிருப்புகளையும் அடுத்த ஐம்பது ஆண்டுக்குத் தீர்மானிக்கப்போகும் செலவு. இதில் மாமன்றத்துக்கு ஒரு வாக்குகூட இல்லை. மன்றக் கூட்டத்தில் பூங்காவின் நடைபாதை ஓடு பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடக்கிறது என்று சிரிக்கிறோமே, அவர்களிடம் விவாதிக்கக் கொடுக்கப்பட்டது அதுதான்.

ஒரு சின்னப் பயிற்சி: மடிப்பாக்கத்தில் ஒரு வீடு, கீழ்க்கட்டளையில் ஒரு வீடு, கோவிலம்பாக்கத்தில் ஒரு வீடு. மூன்றும் ஒரே மேடவாக்கம் பிரதான சாலையை நம்பியவை. முதலாவது சென்னை மாநகராட்சிக்கும், இரண்டாவது தாம்பரத்துக்கும், மூன்றாவது ஊராட்சிக்கும் வரி கட்டுகிறது. ஒரே அளவு வீடுகளாகப் பார்த்து மூன்று ரசீதுகளையும் ஒரு மேசையில் வைத்து, எது எவ்வளவு, பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று எழுதுங்கள். கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா, லாரியில் எடுத்துப்போகிறார்களா என்பதை மறக்காமல் சேருங்கள்.

நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள்? ஒரு பரிந்துரை கொடுங்கள்.

மேலே மெலிந்த ஓர் அமைப்பு. ஆற்றுப்படுகையும் வெள்ளமும், போக்குவரத்து, நிலப்பயன்பாடு, குப்பையின் இறுதி இடம், இந்த நான்கு மட்டும் அதன் வேலை. அதில் மூன்றில் இரண்டு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், அரசியலமைப்பு ஏற்கெனவே சொன்னபடி. சிஎம்டிஏவும் கும்டாவும் அதன் தொழில்நுட்ப அலுவலகங்களாக இருக்கட்டும், கலைக்க வேண்டாம். கீழே சின்னச் சின்ன உள்ளாட்சிகள் அப்படியே இருக்கட்டும், ஆனால் தெருவில் தோண்டும் எவரும் அவர்களிடம் அனுமதி வாங்கியாக வேண்டும்.

இதிலுள்ள ஓட்டையும் எனக்குத் தெரியும். தன் மடியிலுள்ள சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. அது ஏன் கொடுக்க வேண்டும்? கொல்கத்தாவில் குழு அமைந்தும் முதலமைச்சரே தலைவரானது இதனால்தான். தலைமை யாரிடம் என்பதைவிட, குழு மறுத்தால் ஒரு திட்டம் நிற்குமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

தரவுகள் கிடைக்குமா?

பொறுமை இருந்தால் கிடைக்கும். பெருந்திட்டத் தொகுதிகள் இணையத்தில் இருக்கின்றன. அரசாணைகள், வரவு செலவுத் திட்டம், மத்திய தணிக்கைத் துறை அறிக்கைகளும் அப்படியே. 2015 வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள்; செம்பரம்பாக்கம் மதகு முதல் அடையாற்று முகத்துவாரம்வரை யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பது ஒரே இடத்தில் கிடைக்கும். மாமன்றத் தீர்மானங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரே மனுவில் பத்துக் கேள்வி கேட்காதீர்கள். ஒரு மனு, ஒரு விஷயம், ஆண்டும் வார்டு எண்ணும் தெளிவாக. இல்லையென்றால் 'இவ்வலுவலகத்துக்குத் தொடர்புடையதன்று' என்ற ஒற்றை வரி வரும். அதையும் பத்திரமாக வையுங்கள். அப்படி வந்த கடிதங்களை மட்டும் அடுக்கினாலே யார் எதைத் தன்னுடையதில்லை என்கிறார்கள் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைத்துவிடும்.

மக்கள்தொகைக்கு இப்போதைக்கு 2011-தான் கதி. அதன் வார்டு எல்லைகள் இன்றைய வார்டுகளோடு பொருந்தாது. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1.

அதிகாரிகள் பேசுவார்களா?

உதவிப் பொறியாளர்கள் பேசுவார்கள். மேலே போகப் போகச் சுருங்கும். ஓய்வுபெற்றவர்கள் நிறுத்தாமல் பேசுவார்கள்; தேதிகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

களத்துக்கு எந்த மாதம் போவது?

இரண்டு முறை போங்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை. அப்போது தூர்வாரும் இயந்திரங்கள் நிற்கும். எந்த ஒப்பந்ததாரர் எந்தப் பலகைவரை தூர்வாருகிறார், அதற்கு அடுத்த அடியில் ஆகாயத்தாமரை எப்படி மண்டியிருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு நவம்பர் நடுவில், ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலை. கீழ்க்கட்டளை ஏரிக் கலங்கலில் தொடங்கி நடந்தும் ஷேர் ஆட்டோவிலும் ஒக்கியம் மடுவுவரை வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் நேரத்தையும் நீர்மட்டத்தையும் குறியுங்கள். ரப்பர் செருப்பு போதும், ஷூ வேண்டாம். மடுவுப் பாலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர்களிடம் கேளுங்கள். கடல் ஏற்றத்தில் அது சில நேரம் மேற்கே திரும்பி வரும். எந்த நேரத்தில் என்பது அவர்களுக்குத் தெரியும்.